ஒரே தட்டு, ஒரே பசை, பாதி கூப்பன் மட்டும் ஏன் சீக்கிரம் பிய்கிறது?

கூப்பன்காரன்

வணக்கம். எம்.இ. ப்ராஜெக்ட்டில் மாட்டிக்கொண்டு இரண்டு வாரமாக மண்டை காய்கிறது. ஒரே திசை இழை கொண்ட கார்பன் பிரீப்ரெக் (பிசின் ஏற்கனவே ஊறிய இழைத் தகடு), எட்டு அடுக்கு, 0 டிகிரியும் 90 டிகிரியும் மாறி மாறி, நடுக்கோட்டுக்கு இரு பக்கமும் சமச்சீராக, மொத்தம் 2 மி.மீ. தடிமன். அதில் 25 மி.மீ. அகலத்துக்குப் பட்டைகள் வெட்டி, ஒன்றின் நுனி மேல் இன்னொன்றின் நுனியை 25 மி.மீ. ஏற்றி (ஓவர்லேப்) ஒட்டி, சிங்கிள் லேப் ஜாயிண்ட் கூப்பன்கள், அதாவது சோதனைத் துண்டுகள், செய்தேன். இரண்டு பாகம் கலக்கும் எபாக்ஸி பேஸ்ட். பசைத் தடிமன் 0.2 மி.மீ. வருவதற்குக் கண்ணாடி மணிகள் கலந்தேன். மணல் தாள் தேய்த்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, எல்லாம் ஒரே நாளில் ஒட்டியதுதான்.

பத்து ஜாயிண்ட் இழுத்துப் பார்த்ததில் ஐந்து 10 கிலோநியூட்டன் பக்கம் போய் உடைந்தன. மற்ற ஐந்தும் 6-ஐத் தாண்டவில்லை. சிதறல் என்றால் நடுவில் ஒன்றிரண்டாவது விழ வேண்டுமே, ஒன்றுகூட இல்லை. கைடு "சர்ஃபேஸ் பிரெப் (ஒட்டும் முகத்தைத் தேய்த்துத் துடைத்துத் தயார் செய்வது) சரியில்லை, மறுபடி செய்" என்கிறார். செய்வதற்கு முன் உங்களிடம் கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

பழைய_பட்டறை

கைடு சொல்வதுதான். பசை ஒட்டு பாதியில் விட்டால் பத்துக்கு ஒன்பது தடவை அழுக்குதான் காரணம். தட்டு ஒட்டாமல் கழல அச்சில் பூசும் ரிலீஸ் ஏஜென்ட் தட்டின் முகத்தில் ஏறியிருக்கும், நீங்கள் துடைத்தது அதைப் பரப்பி விட்டிருக்கும். தண்ணீர் சோதனை செய்தீர்களா? முகத்தில் தண்ணீர் விட்டால் ஒரே படலமாக நிற்க வேண்டும். முத்து முத்தாக உருண்டால் ஒட்டாதீர்கள்.

காற்றாலை_ராசு

அவசரப்பட வேண்டாம். தம்பி, உடைந்த முகம் எப்படி இருக்கிறது என்று சொல்லவே இல்லையே. அதைப் பார்க்காமல் காரணம் சொல்வது நாடி பிடிக்காமல் மருந்து எழுதுவது மாதிரி.

பசை ஒரு பக்கம் முழுக்க ஒட்டியிருந்து, மறுபக்கம் வழவழ என்று வெறுமையாக இருந்தால் அது பசை முகத்திலிருந்து கழன்றது. பட்டறைக்காரர் சொல்லும் அழுக்குக் கதை அப்போதுதான் பொருந்தும். இரண்டு பக்கமும் பசை இருந்தால் பசையே நடுவில் கிழிந்தது. இரண்டு பக்கமும் கறுப்பாக, பசையின் மேல் இழை ஒட்டிக்கொண்டிருந்தால் பசை பிழைத்துவிட்டது, செத்தது தட்டு. அமெரிக்கத் தர அமைப்பான ஏ.எஸ்.டி.எம்.மின் டி 5573 இதற்கென்றே எழுதிய தரம். இழைக் கிழிவு, லேசான இழைக் கிழிவு என்றெல்லாம் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கூப்பன்காரன்

பார்த்தேன் அண்ணா. நான் "பசை விட்டுவிட்டது" என்று நோட்டில் எழுதியிருந்தது தப்பு. 6-இல் உடைந்த ஐந்திலும் இரண்டு முகமும் கறுப்புதான். ஒரு முகத்தில் பசையின் மேல் மெல்லிய கார்பன் தகடு ஒன்று அப்படியே ஒட்டியிருக்கிறது, எதிர் முகத்தில் அதே அளவுக்குப் பள்ளம். நகத்தால் தடவினால் கோடுகள் குறுக்கே ஓடுகின்றன, அதாவது பட்டையின் அகலவாக்கில்.

10-இல் உடைந்தவற்றில் பசை கொஞ்சம், இழை கொஞ்சம் என்று கலந்து கிடக்கிறது. அங்கே கோடுகள் நீளவாக்கில்.

அப்புறம் இன்னொரு விஷயம், சொல்லக் கூச்சமாக இருக்கிறது. தட்டு சதுரம். வீணாகக் கூடாது என்று வெட்டிக் கொடுத்தவர்கள் பாதியை ஒரு வாக்கிலும் மீதியை அதற்குக் குறுக்கேயும் வெட்டியிருக்கிறார்கள். 0-வும் 90-ம் நான்கு நான்கு அடுக்கு, எந்தப் பக்கம் வெட்டினாலும் ஒன்றுதானே என்று நானும் விட்டுவிட்டேன்.

மெஷ்_மன்னன்

😂 கேஸ் முடிந்தது.

பழைய_பட்டறை

என்ன முடிந்தது? அவர் சொல்வது சரிதானே. நான்கு 0, நான்கு 90. எந்தப் பக்கம் இழுத்தாலும் அதே விறைப்பு, அதே வலிமை. ஒட்டுக்கு மட்டும் தனி நியாயமா?

மெஷ்_மன்னன்

தட்டை நேராக இழுத்தால் நீங்கள் சொல்வது சரி சார். ஆனால் சிங்கிள் லேப் ஜாயிண்ட்டில் யாரும் நேராக இழுப்பதில்லை. இரண்டு பட்டையும் ஒரே கோட்டில் இல்லை, ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கிறது. இழுத்தவுடன் இரண்டும் ஒரே கோட்டுக்கு வரப் பார்க்கும், அதனால் ஓவர்லேப்பின் நுனியில் பட்டை வளையும். வோல்கர்சன் 1938-இல் போட்ட கணக்கில் பசையின் ஷியர் (பக்கவாட்டில் நழுவ வைக்கும் விசை) மட்டும்தான், இந்த வளைவு கிடையாது. அதை கோலண்டும் ரைஸ்னரும் 1944-இல் சேர்த்தார்கள். தம்பி, உங்கள் ரிப்போர்ட்டில் வோல்கர்சன் மட்டும் போட்டிருந்தால் இரண்டு தொகுப்புக்கும் ஒரே விடை வந்திருக்குமே?

கூப்பன்காரன்

ஆமாம் சார், அச்சு அசலாக ஒரே விடை. அதனால்தான் குழம்பினேன்.

மெஷ்_மன்னன்

சரி, கணினியைத் தொடாமல் கையால் போடலாம். இழுக்கும் வாக்கை 0 என்று வைத்து, வழக்கமான கார்பன்-எபாக்ஸி விறைப்பு எண்களை எடுத்துக்கொள்கிறேன்: இழை வாக்கில் 135 ஜிகாபாஸ்கல், குறுக்கே 9. பாதிக்குப் பாதி அடுக்கு என்பதால் நேர் இழுவையில் சராசரி 72. எந்தப் பக்கம் வெட்டினாலும் இது மாறாது.

வளைவில் கதை வேறு. நடுக்கோட்டிலிருந்து தள்ளியிருக்கும் அடுக்குக்குத்தான் வேலை அதிகம், அதுவும் தூரத்தின் மும்மடிகளின் வித்தியாசமாக ஏறுகிறது. எட்டு அடுக்குத் தட்டில் நடுவிலிருந்து வெளியே போனால் ஒவ்வோர் அடுக்கின் பங்கு 1, 7, 19, 37. மொத்தம் 64. வெளி அடுக்கு ஒன்றுக்கே பாதிக்கு மேல்! இப்போது வெளியே 0 இருந்தால் 0-வின் பங்கு 37-ம் 7-ம் சேர்ந்து 44. வெளியே 90 இருந்தால் 0-வுக்குக் கிடைப்பது 19-ம் 1-ம், வெறும் 20. வளைவு விறைப்பு முதலாவதில் ஏறக்குறைய 96 ஜிகாபாஸ்கல், இரண்டாவதில் 48. சரிபாதி. தட்டைத் திருப்பி வெட்டியதற்குக் கிடைத்த பரிசு இது.

அடுத்து 6 கிலோநியூட்டனில் என்ன நடந்தது என்று பார்ப்போம். குறுக்குவெட்டு 25 பெருக்கல் 2, ஆக 50 சதுர மி.மீ. சராசரித் தகைவு (பரப்புக்கு விழும் விசை) 120 மெகாபாஸ்கல், திரிபு (நீளும் விகிதம்) 0.17 விழுக்காடு. இதன் மேல் வளைவு ஏறுகிறது. பட்டை கொஞ்சமும் சுழலாமல் நின்றால் முகத்தின் தகைவு சராசரியைப் போல 4 மடங்கு ஆகும், இது பழைய கணக்கு. உண்மையில் ஜாயிண்ட் சுழன்று கொடுப்பதால் அவ்வளவு வராது, வளைவுப் பங்கில் 0.6 மட்டும் என்று வைப்போம். அப்படி வைத்தாலும் 90 வெளியே உள்ள பட்டையின் முகத்தில் மொத்தத் திரிபு 0.6 விழுக்காட்டைத் தொடுகிறது. இழைக்குக் குறுக்கே இழுத்தால் இந்த வகை அடுக்கு ஏறக்குறைய 50 மெகாபாஸ்கலில், அதாவது 0.55 விழுக்காடு திரிபில் விரிந்துவிடும். அதே 6-இல் 0 வெளியே உள்ள பட்டையில் திரிபு 0.4 தான், இழையோ 1.5 வரை தாங்கும்.

இன்னொன்று, இந்த வளைவில் இழுபடுவது வெளி முகம் இல்லை, பசை பக்கத்து முகம். மிகப் பலவீனமான அடுக்கை மிக அதிகமாக இழுபடும் இடத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறீர்கள்.

(0.6 என்பது என் கை மதிப்பு. தப்பு என்றால் திட்டுங்கள்.)

காற்றாலை_ராசு

நல்ல கணக்கு. விரிசல் போன பாதையும் தம்பி சொன்ன பள்ளத்தோடு பொருந்துகிறது. 90 அடுக்கு ஓவர்லேப் நுனியில் குறுக்கே விரிகிறது. விரிசல் அடுத்த 0 அடுக்கை அறுக்க முடியாமல் அங்கேயே திரும்பி, இரண்டு அடுக்குக்கும் நடுவில் ஓடுகிறது. அதனால்தான் ஓர் அடுக்கு முழுசாகப் பசையோடு போய்விட்டது. விறகு பிளந்தவர்களுக்கு இது புரியும். குறுக்கே வெட்டக் கோடரி பத்து தடவை விழ வேண்டும், நார் வாக்கில் ஒரு தட்டு போதும்.

கணக்கில் வராத ஒன்றையும் சொல்கிறேன். 120 டிகிரியில் வெந்த தட்டு ஆறும்போது 90 அடுக்கின் பிசின் சுருங்கப் பார்க்கும், பக்கத்து 0 இழை விடாது. ஆகவே இயந்திரத்தில் மாட்டும் முன்பே அந்த அடுக்கு குறுக்கே கொஞ்சம் இழுபட்டுத்தான் இருக்கிறது.

ஓடுபாதை

விமானப் பழுதுபார்ப்பு எங்கள் பக்கம். பசை தொடும் அடுக்கு சுமை வாக்கில் அல்லது 45-இல் இருக்க வேண்டும், 90 கூடாது என்பது எங்களுக்குப் பாலபாடம். ஆனால் அதைப் பாடமாக ஒப்பித்தவர்கள்தான் அதிகம், ஏன் என்று இவ்வளவு தெளிவாகக் கேட்டது இன்றுதான்.

ஸ்கார்ஃப் பேட்ச்சில் இது இன்னும் வேடிக்கை. அங்கே அடிபட்ட இடத்தைச் சாய்வாகச் சீவி எடுக்கிறோம், 1-க்கு 20 முதல் 1-க்கு 50 வரை சரிவு. சீவிய முகத்தில் எல்லா அடுக்கின் வெட்டுமுனையும் பசையைத் தொடுகிறது. பார்ப்பதற்குச் சீரான சரிவு, ஆனால் சுமை சீராகப் பாய்வதில்லை. 0 அடுக்குகள் விறைப்பானவை, சுமையை அதிகம் சுமந்து வருகின்றன. அவை முடியும் இடத்தில் பசையில் ஷியர் குபீரென்று ஏறும், 90 முடியும் இடத்தில் இறங்கும். மொத்த விசையைப் பரப்பால் வகுத்துச் சராசரி பார்த்து "இருக்கிறது, தாங்கும்" என்று சொல்லிவிட்டால் மேட்டை மறந்து விடுகிறோம். அதனால்தான் பேட்ச்சில் ஒவ்வோர் அடுக்கையும் பழைய தட்டின் அதே அடுக்கோடு, அதே திசையில் பொருத்துகிறோம். ஒரு தடவை பயிற்சிப் பேட்ச்சில் +45-ஐ -45 ஆக வைத்துவிட்டேன், பேட்ச்சைத் தலைகீழாகப் பிடித்து வரைந்ததால் வந்த வினை. பயிற்சி ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை, மறுபடி சீவச் சொன்னார். அது பெரிய தண்டனை.

சைக்கிள்_செல்வி

நான் சைக்கிள் ஃபிரேம் ரிப்பேர் செய்கிறேன், ஒரே திசை இழை அபூர்வம், பெரும்பாலும் நெய்த துணிதான். ட்வில்லில் இரண்டு வாக்கும் முகத்தில் இருக்கிறதே, அப்போது இந்தத் தலைவலி எனக்கு இல்லைதானே?

ஓடுபாதை

ட்வில், பிளெயின் என்றால் பெரிதாக இல்லை அக்கா. சாட்டின் நெசவு என்றால் கவனம். அதில் ஒரு முகத்தில் பாவு நூல் மேலோங்கும், மறுமுகத்தில் ஊடை நூல் மேலோங்கும். துணியைப் புரட்டிப் போட்டால் ஏறக்குறைய 0-வை 90 ஆக மாற்றிய கதைதான். கையில் பிடித்துப் பார்த்தால் இரண்டு முகமும் ஒன்று போலவே இருக்கும்.

சைக்கிள்_செல்வி

அடக் கடவுளே. பட்டுப்புடவை எடுக்கும்போது புரட்டிப் பார்க்கிறோம், இதைப் பார்த்ததில்லை.

பழைய_பட்டறை

சரி, ஒப்புக்கொள்கிறேன், அழுக்குக் கதை இங்கே இல்லை. ஆனால் ஒரு கேள்வி. 0-தான் ராஜா என்றால் எல்லாவற்றையும் 0 ஆகவே போட்டுவிடலாமே, இந்த 45, 90 எல்லாம் எதற்கு?

காற்றாலை_ராசு

ஏனென்றால் சுமை ஒரே வாக்கில் வருவதில்லை. காற்றாலை இறக்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். வேரிலிருந்து நுனி வரை ஓடும் ஸ்பார் கேப்பில் இழை எல்லாம் நீளவாக்கில், வளைவைத் தாங்குவது அதன் வேலை. நடுவில் நிற்கும் ஷியர் வெப்பில் இழை கூட்டலும் கழித்தலுமாக 45-இல், அதன் வேலை ஷியர். இந்த இரண்டையும் பசைதான் சேர்க்கிறது. அங்கே பசை 0.2 மி.மீ. இல்லை தம்பி, பல மி.மீ. தடிமன் இருக்கும், சில இடங்களில் ஒரு செ.மீ.க்கு மேல்கூட. இறக்கை வளையும்போது ஸ்பார் கேப் எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவு பசையும் நீள வேண்டும், வேறு வழியில்லை. அதனால் பசையின் குறுக்கே மயிரிழை விரிசல்கள் விழும். அவை பக்கத்து அடுக்குக்குள் போகுமா அங்கேயே நிற்குமா என்பதைப் பசையைத் தொடும் முதல் அடுக்கின் திசைதான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. ஆடி மாதம் முப்பந்தலில் காற்று அடிக்கும்போது அந்த இறக்கைகளைப் பார்த்தால் எனக்கு இழையும் பசையும்தான் தெரிகிறது, மலை தெரிவதில்லை.

வெளியே 45 போடுவதற்கு இன்னொரு காரணம், கல் விழுந்தால், கருவி விழுந்தால் முகம் முழுக்க நீளவாக்கில் பிளந்து ஓடாது. 0 வெளியே இருந்தால் ஒரு கீறலிலிருந்து சிம்பு சிம்பாகக் கிளம்பும்.

மெஷ்_மன்னன்

90-ஐ ஒரேயடியாகத் திட்டவும் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்கிறேன். டபுள் கான்டிலீவர் பீம் சோதனையில், அதாவது இரண்டு பட்டையை வாய் பிளப்பது போல விரித்து விரிசல் ஓட எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்று அளக்கும்போது, பசைக்குப் பக்கத்தில் 90 அல்லது 45 இருந்தால் சில சமயம் எண் ஏறும். விரிசல் பசையிலிருந்து அடுக்குக்குள் தாவி, அங்கே வளைந்து நெளிந்து, இழைகளைப் பாலம் மாதிரி இழுத்துக்கொண்டு போகும். அந்த நெளிவுக்கெல்லாம் ஆற்றல் செலவாகும். 0-வுக்கு நடுவே ஓடினால் நேர்ப் பாதை, செலவு குறைவு. ஏ.எஸ்.டி.எம். டி 5528 ஒரே திசைத் தட்டைக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பழைய_பட்டறை

பார்த்தீர்களா! மேலே 90 மட்டம் என்றீர்கள், இப்போது 90 உசத்தி என்கிறீர்கள்.

மெஷ்_மன்னன்

இரண்டும் வேறு வேறு கேள்வி சார். விரிசல் எப்போது பிறக்கும் என்பது ஒன்று, பிறந்த பிறகு எவ்வளவு கஷ்டப்பட்டு வளரும் என்பது மற்றொன்று. குட்டையான லேப் ஜாயிண்ட்டில் பிறந்தவுடன் கதை முடிந்துவிடுகிறது, 25 மி.மீ. ஓடிவிட்டால் கையில் இரண்டு துண்டு. அங்கே பிறப்பதுதான் முக்கியம், 90 சீக்கிரம் பிறக்க விடுகிறது. நீளமான ஒட்டில், தினமும் வளைந்து நிமிரும் இடத்தில் வளர்ச்சியும் முக்கியம். தம்பியின் 6-க்கும் 10-க்கும் முதல் கேள்விதான் பதில்.

ஓடுபாதை

இந்த நிச்சயமின்மைதான் எங்கள் பக்கம் எல்லாவற்றுக்கும் காரணம். ஒட்டின் வலிமையை உடைக்காமல் அளக்க நம்பகமான வழி இல்லை. அல்ட்ராசோனிக் வைத்தால் இடைவெளி இருக்கிறதா என்று தெரியும், ஒட்டியிருப்பது உறுதியாக ஒட்டியிருக்கிறதா என்று தெரியாது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் ஆலோசனைச் சுற்றறிக்கை ஏ.சி. 20-107பி, 2009-இல் வந்தது, முக்கியமான ஒட்டுகளுக்கு மூன்று வழி தருகிறது: விட்டுப்போனாலும் ஓர் அளவுக்கு மேல் பரவாதபடி வடிவமைப்பிலேயே தடுப்பு வை, அல்லது ஒவ்வொன்றையும் சுமை ஏற்றிச் சோதி, அல்லது வலிமையை உறுதி செய்யும் சோதனை முறை ஒன்றைக் காட்டு. மூன்றாவது இன்னும் கைக்கு வராததால் பலரும் முதலாவதற்குப் போய்ப் பசையோடு ஆணியும் அடிக்கிறார்கள். அதற்குச் சிக்கன் ரிவெட், அதாவது பயந்தாங்கொள்ளி ஆணி, என்று கிண்டல் பெயர். இன்னொரு வழி, தட்டையும் விறைப்பானையும் ஒன்றாகவே வேகவைத்துவிடுவது. தேஜஸ் விமானத்துக்கு பெங்களூர் தேசிய வான்வெளி ஆய்வகம் (என்.ஏ.எல்.) உருவாக்கிய கோ-கியூர் முறை அந்த வகை. அங்கேயும் இடைமுகத்தில் எந்தத் திசை எந்தத் திசையைத் தொடுகிறது என்ற கேள்வி போகாது.

கூப்பன்காரன்

எல்லாருக்கும் நன்றி. இரண்டு கேள்வி மட்டும் மீதி. ஒன்று, மறுபடி தட்டு செய்ய பிரீப்ரெக் இல்லை, இதே தட்டில் இன்னும் எட்டு பட்டைக்கு இடம் இருக்கிறது. இரண்டு, 0 வெளியே உள்ளதிலும் முகத்தில் கொஞ்சம் இழை கிழிந்திருக்கிறதே, அது ஏன்?

காற்றாலை_ராசு

இரண்டாவதை முதலில் சொல்கிறேன். ஓவர்லேப் நுனியில் ஷியர் மட்டும் இல்லை, உரிக்கும் விசையும் இருக்கிறது, பட்டையை மேல் நோக்கிப் பிரிக்கும் விசை. அந்தத் தடிமன் வாக்கில் உங்கள் தட்டில் இழையே கிடையாது, வெறும் பிசின்தான். 0 ஆனாலும் 45 ஆனாலும் அந்த வாக்கில் எல்லாரும் ஏழைதான். திசை மாற்றி அதைத் தீர்க்க முடியாது, வடிவம் மாற்றித்தான் தீர்க்க வேண்டும். நுனியில் பிதுங்கும் பசையைத் துடைத்து எடுக்காமல் சாய்வாக விடுங்கள், பட்டையின் நுனியைச் சீவி மெலிதாக்குங்கள். ஹார்ட்-ஸ்மித் 1973-இல் நாசாவுக்காக எழுதிய அறிக்கைகளில் இதெல்லாம் இருக்கிறது. தட்டு தடித்துவிட்டால் சிங்கிள் லேப்பை விட்டு இரட்டை லேப், அதையும் தாண்டினால் ஸ்கார்ஃப் அல்லது படிக்கட்டு ஒட்டு என்று அவர் போட்ட வரிசையைத்தான் இன்றும் பின்பற்றுகிறார்கள்.

முதலாவதற்கு மெஷ்_மன்னன் சொல்வார்.

மெஷ்_மன்னன்

எட்டுப் பட்டை என்றால் நான்கு ஜாயிண்ட். இரண்டு அந்த வாக்கில், இரண்டு இந்த வாக்கில். நான்கையும் பெயர் தெரியாமல் கலந்து, வேறொருவரை ஒட்டச் சொல்லுங்கள். ஒட்டியவருக்கு எது எது என்று தெரியாமல் இருந்தும் இரண்டு குவியலாகப் பிரிந்தால் சர்ஃபேஸ் பிரெப் வாதம் அதோடு முடிந்தது. வெட்டும் முன் விளிம்பை மெருகேற்றி லென்ஸில் பாருங்கள். இழை முனை புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது உங்களை நோக்கி வருகிறது, கோடாகத் தெரிந்தால் குறுக்கே போகிறது.

கூப்பன்காரன்

(பதினோரு நாள் கழித்து)

செய்தாயிற்று. ஒட்டியது விடுதி அறை நண்பன், சிவில் துறை, எதுவும் தெரியாது. நான்கில் இரண்டு 6-க்குக் கீழே, இரண்டு 9-க்கு மேலே. கீழே போன இரண்டும் 90 வெளியே உள்ளவை, அதே பள்ளம், அதே குறுக்குக் கோடு. கைடு முகங்களை வாங்கிப் பார்த்துவிட்டு ஐந்து நிமிடம் பேசவில்லை. அப்புறம் "அத்தியாயம் நான்கை இதை வைத்தே எழுது, தலைப்பையும் மாற்று" என்றார். வோல்கர்சன் பக்கத்தில் கோலண்ட்-ரைஸ்னரையும் போட்டுவிட்டேன். மெஷ்_மன்னன் சாரின் 0.6-ஐச் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன், திட்டும் அளவுக்கு இல்லை.

இனிமேல் தட்டு வெந்து வந்தவுடன் முகத்தில் 0 வாக்குக்கு அம்புக்குறி போட ஒரு வெள்ளி மார்க்கர் வாங்கி வைத்திருக்கிறேன்.

பழைய_பட்டறை

வாழ்த்துகள். ஆனால் அந்த மார்க்கரை ஒட்டும் இடத்தில் போட்டுவிடாதீர்கள் தம்பி, மை இருக்கும் இடத்தில் பசை பிடிக்காது. அப்புறம் நான் சொன்ன அழுக்குக் கதை நிஜமாகிவிடும்.